கறுப்புப் பைன்: புது ஊசிகளே நுனியில் பழுத்தால்

தொட்டியில் வளர்க்கும் கறுப்புப் பைன் மரத்தின் ஊசிகள், அதாவது ஊசி போன்ற இலைகள், பழுக்கின்றன, தினமும் தண்ணீர் ஊற்றியும் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வருஷத்துப் புது ஊசிகளே நுனியிலிருந்து பழுக்கின்றன என்றால் பெரும்பாலும் வேரில்தான் கோளாறு. உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு, இது அதுவல்ல. தினமும் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். உரமும் வேண்டாம்.

செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், சந்தேகமே அங்கேதான். அந்தக் கலவை இறுகினால் அடியில் நீர் தேங்கும், காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், நாமும் பதறி இன்னும் ஊற்றுவோம்!

ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கறுத்து, சொதசொதவென்று, புளித்த வாடையோடு வந்தால் அழுகல்தான். காளான் மணத்தோடு வெள்ளை இழைகள் ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம். அது பைன் வேரோடு சேர்ந்து வாழும் நல்ல பூஞ்சை, கழுவிவிடாதீர்கள்.

குச்சி உலர்ந்தே வந்தால், கிளைக்கடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் ஊர்ந்தால், கோளாறு வேரில் இல்லை, ஊசிகளின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனாக இருக்கலாம்.

அழுகல் என்றாலும் உடனே மொத்த வேரையும் அலசி மாற்றாதீர்கள், மரம் தாங்காது. இப்போதைக்குத் தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள், நீர் சீக்கிரம் வடியும். மொட்டு விரியும் முன் பாதி மண்ணை மட்டும் சரளைக் கலவையாக மாற்றலாம். அப்புறம், பைன் செத்தபிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். நுனி மொட்டைத் தொட்டுப் பாருங்கள். பொடிந்து உதிர்ந்தால் அந்தக் கிளை போய்விட்டது.