டிஸ்சார்ஜ் புக்கில் ஓர் எழுத்து: முன்னாள் படைவீரர் பதிவுத் திருத்தம் பற்றிக் கேள்வி பதில்

பட்டாளத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததுதான் அதிகம். கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தேன். கடைசி 6 வருஷம், படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸில், அடுத்தவர்களின் வாழ்க்கையைத் தாள் தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். திருமங்கலத்துக்கு வந்து செட்டில் ஆன பிறகும் அது விடவில்லை. டீக்கடைக்குப் போனால் யாராவது ஒருவர் மஞ்சள் பையிலிருந்து, பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து நீட்டுகிறார். அப்படி நேரிலும் போனிலும் கேட்டவற்றில் பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

மேலூரிலிருந்து ஒரு தம்பி: அப்பா பெயர் அழகர். டிஸ்சார்ஜ் புக்கில் ஆங்கிலத்தில் 'எல்' எழுத்து போட்டு 'அலகர்' மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆதாரில் 'இசட் ஹெச்' போட்டிருக்கிறது. பான் கார்டில் அழகர்சாமி. எதைத் திருத்துவது?

தம்பி, மதுரைக்காரனுக்கு இந்த ழகரம் கொடுத்த தொல்லையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அன்றைக்கு ஆள் எடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கலாம். அப்பா சொன்னார், அவர் காதில் விழுந்ததை எழுதினார். அழகர், பழனி, சோழன், மூவரும் இதில் மாட்டியவர்கள்தான்.

பட்டாளத்துக் காகிதத்தில் கை வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். பென்சன், கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். கார்டு எல்லாம் டிஸ்சார்ஜ் புக்கிலும், பென்சன் உத்தரவான பி.பி.ஓ.விலும் உள்ள பெயரில்தான் ஓடுகின்றன. ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் 2 முறை அனுமதி உண்டு, அதில் ஒன்றை இதற்குச் செலவழியுங்கள். முதலில் ஆதார், அதை வைத்துப் பான், அப்புறம் வங்கிக் கணக்கு. இந்த வரிசை மாறினால் ஒன்று இன்னொன்றை ஏற்காமல் சுற்ற விடும்.

டிஸ்சார்ஜ் புக்கிலேயே பெயர் அடையாளம் தெரியாத அளவுக்குத் தப்பாக இருந்தால் கதை வேறு. அப்போது ரெக்கார்டு ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். உங்களுடையது அப்படியில்லை.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தங்கச்சி: என் வீட்டுக்காரர் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர், வயது 74. அவர் பி.பி.ஓ.வில் மனைவி பெயர் பேச்சியம்மாள் என்று இருக்கிறது. அது வீட்டில் கூப்பிடும் பெயர். பள்ளிச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் நான் லட்சுமி. "நான் இருக்கும்வரை பென்சன் வருது, இப்ப என்ன அவசரம்" என்கிறார்.

அவசரம் அவருக்கில்லை, உங்களுக்குத்தான். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தப்பு எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன். பட்டாளத்தில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஓர் உத்தரவு போடுவார்கள். அதன்படிதான் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும் அவருடைய பணிப் பதிவான ஷீட் ரோலில் பெயர் ஏறும். ஆள் லீவில் வந்து அவசரமாகத் தாலி கட்டிவிட்டுத் திரும்பியிருப்பார். கிளார்க் "மனைவி பெயர்?" என்று கேட்டால் மாமியார் கூப்பிட்ட பெயர்தான் வாயில் வரும். சரி என்று அதையே எழுதிவிடுவார்கள். நானே எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பேனோ.

அவர் உயிரோடு இருக்கும்போது, "இவள்தான் என் மனைவி, இரண்டு பெயரும் ஒருத்திதான்" என்று அவரே கையெழுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. அவர் இல்லாமல் போனால் நீங்கள் யார் என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். என் சித்தி அதைப் பட்டார். சித்தப்பாவின் காகிதத்தில் மனைவி இடத்தில் அவருடைய அம்மா பெயர் ஏறியிருந்தது. சித்தப்பா இறந்த பிறகு சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர 14 மாதம் ஆனது. அவ்வளவு நாளும் வளையலை வைத்துத்தான் சாப்பிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வீட்டுக்காரர் பெயரில், அவர் கையெழுத்தில், ரெக்கார்டு ஆபீஸுக்கு ஒரு மனு. அதோடு டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. நகல், உங்கள் பள்ளிச் சான்று, ஆதார், இருவரும் சேர்ந்து கொடுக்கும் அஃபிடவிட், பேச்சியம்மாளும் லட்சுமியும் ஒரே நபர் என்று தாசில்தார் தரும் சான்று. பழைய வாக்காளர் பட்டியல், கல்யாணப் போட்டோ இருந்தால் அதையும் வையுங்கள். சில இடங்களில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பும் கேட்பார்கள். அதனால் முதல் கடிதத்திலேயே "இன்னும் என்ன வேண்டும்" என்று ஒரு வரி எழுதிப் பட்டியலை வாங்கிவிடுங்கள். மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்பினால் அவர்கள் பார்த்து, முத்திரை போட்டு அனுப்புவார்கள். அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு.

ரெக்கார்டு ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் பிரயாக்ராஜில், நாங்கள் இன்னும் அலகாபாத் என்றுதான் சொல்வோம், இருக்கும் பென்சன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அங்கிருந்து திருத்தப்பட்ட பி.பி.ஓ. வரும், அதற்குப் பெயர் கொரிஜெண்டம். அது உங்கள் கைக்கு வந்து, இணையத்தில் உள்ள ஸ்பர்ஷ் பென்சன் கணக்கிலும் லட்சுமி என்று தெரிந்தால்தான் வேலை முடிந்தது. "அனுப்பிவிட்டோம்" என்று யாரோ போனில் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அண்ணன் சொன்னதாகச் சொல்லி அவரைக் கையெழுத்துப் போட வையுங்கள்.

செக்கானூரணியிலிருந்து ஒருவர்: அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். 80 வயது நெருங்குகிறது. 80 ஆனால் கூடுதலாக வரும் என்கிறார்கள். ஆனால் பி.பி.ஓ.வில் அம்மாவின் பிறந்த தேதி இடம் காலியாக இருக்கிறது.

வரும். அடிப்படை ஓய்வூதியத்தில் 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் 100 சதவீதம் கூடும். பிறந்த நாள் எந்த மாதத்தில் விழுகிறதோ, அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்தே கணக்கு.

தேதி காலியாக இருந்தால் கணினிக்கு அம்மாவின் வயது தெரியாது, தானாக எதுவும் ஏறாது. இங்கேயும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகத்தான் தேதியைப் பதிய வேண்டும். நம் ஊரில் அந்த வயது அம்மாக்களுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கிறது? ஆதாரில் பெரும்பாலும் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். ஆதார் அடையாளத்துக்குத்தான் சான்று, பிறந்த தேதிக்கு அல்ல என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. பள்ளிச் சான்று, பான், வாக்காளர் அட்டை என்று இருப்பதில் எது பழையதோ அதைத் தேடுங்கள். அம்மா மூன்றாம் வகுப்பு வரையாவது படித்திருந்தால், அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான்.

வேறு எதுவுமே இல்லையென்றால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித் தாமதப் பிறப்புப் பதிவு செய்யலாம். நாள் பிடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் 80 ஆக வேண்டும் என்று தேதியை நீங்களே முன்னே தள்ளாதீர்கள். கடைசித் தம்பியின் பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, "அம்மாவுக்கு 60 வயதில் பிள்ளையா?" என்று கேட்பார்கள். கேட்ட ஆளே நான்தான்.

அலங்காநல்லூரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற நாயக்: என் சொந்தப் பிறந்த தேதியே தப்பு. உண்மையில் நான் 2 வயது இளையவன். மாற்ற முடியுமா?

முடியாது அண்ணே. சேரும்போது கொடுத்த தேதிதான் கடைசிவரை. பணிக்காலம் முடியும் நேரத்தில் பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் ஹர்நாம் சிங் வழக்கில் சொன்னது. அப்புறமும் பல வழக்குகளில் அதையே சொன்னது. வக்கீல் பீஸுக்கு ஆகும் காசில் பேரனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

பேரையூரிலிருந்து ஒரு பேரன்: தாத்தா 1960-களில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தார். பென்சன் இல்லை. டிஸ்சார்ஜ் புக்கைக் கரையான் அரித்துவிட்டது. ஆர்மி நம்பரும் தெரியாது. என்ன செய்யலாம்?

வீட்டில் தாத்தாவின் மெடல் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். மெடலின் விளிம்பில், நாணயத்தில் வரி இருக்கும் இடத்தில், நம்பரும் ரேங்க்கும் பெயரும் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, போனில் படம் எடுங்கள்.

நம்பர் கிடைத்தால் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதலாம். ஆனால் பென்சன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் முழுக் கோப்பை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள், அதன் பிறகு அழித்துவிடுவார்கள். 'லாங் ரோல்' என்ற பேரேடு மட்டும் நிலையாக இருக்கும். பெயர், நம்பர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, காரணம், இவ்வளவுதான் அதில். உங்களுக்கு அது போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி லாங் ரோல் பதிவின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். புது டிஸ்சார்ஜ் புக் தர மாட்டார்கள், அதற்குப் பதிலாகச் சான்றிதழ் ஒன்று கேட்டு வாங்கலாம்.

நகல் வந்ததும் 'ரிசர்வ்' என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் சில வருஷம் பட்டாளம், சில வருஷம் ரிசர்வ் என்று எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 15 வருஷம் ஆகியிருந்தால் ரிசர்விஸ்ட் பென்சனுக்கு வழி உண்டு. தாத்தா அதைக் கேட்காமலே விட்டிருக்கலாம்.

வாடிப்பட்டியிலிருந்து: எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்தப் படைப்பிரிவோ அதன் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரு, பீரங்கிப்படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.யும் ஆர்ட்னன்ஸும் செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. ரிட்டயர் ஆன பிறகு டி.எஸ்.சி. என்ற காவல் படையில் சேர்ந்தவர்களுக்குக் கண்ணூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படைக்கு மும்பை மான்கூர்ட்.

சோழவந்தானிலிருந்து ஒருவர்: நானும் என் நண்பரும் ஒரே நாளில் சேர்ந்து ஒரே நாளில் வந்தோம். ரேங்க், குரூப் எல்லாம் ஒன்று. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் வந்த பிறகு அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் அதிகம் வருகிறது.

அந்தத் திட்டத்தின் பென்சன் பட்டியல், பணிக்காலத்தை வைத்து அரை அரை வருஷமாக ஏறும். 3 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அரை வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். 16 வருஷம் 3 மாதம் என்றால் பதினாறரை. 16 வருஷம் 2 மாதம் 25 நாள் என்றால் வெறும் 16. உங்கள் கணக்கில் சில நாள் 'நான்-குவாலிஃபையிங்', அதாவது பென்சனுக்குச் சேராத நாள், என்று கழிந்திருக்கும். லீவு முடிந்து தாமதமாகத் திரும்பிய நாள், தண்டனையில் இருந்த நாள் எல்லாம் அதில் போகும்.

உங்களுக்கே ஞாபகம் இருக்கலாம். சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கினீர்களா? அப்படியென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. இல்லையென்றால் ஷீட் ரோல் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, எந்த நாட்களைக் கழித்தார்கள், எந்த பார்ட் டூ ஆர்டரில் என்று பாருங்கள். ரயில் ஓடாததால் தாமதமாகி, பின்னால் அதை லீவாகச் சரிசெய்து, அந்த இரண்டாவது ஆர்டர் மட்டும் ஷீட் ரோலில் ஏறாமல் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு தம்பி: தங்கைக்கு 35 வயது, பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு. அப்பா ரிட்டயர் ஆன சுபேதார். தங்கை பெயர் எந்த ராணுவக் காகிதத்திலும் இல்லை.

முதலில் அப்பாவின் மனுவில் மகளின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பிறப்புச் சான்று, அரசு மருத்துவரின் ஊனச் சான்று, அப்பாவின் அஃபிடவிட் மூன்றும் முக்கியம். பாதுகாவலர் யார் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். "ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்று அந்தக் காலத்தில் மறைத்தவர்கள் உண்டு, அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். இந்த மாதமே அனுப்புங்கள்.

மதுரை நகரிலிருந்து ஒருவர்: ஏஜெண்ட் ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பாஸ்வேர்டைக் கொடுத்தால் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். திருத்தத்துக்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் கிடையாது. நோட்டரி, ஜெராக்ஸ், ஸ்பீடு போஸ்ட் செலவுதான். மனு போட்டு நாள் ஆகியும் பதிலே இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் போடலாம். மறுத்துக் கடிதம் வந்தால் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக அன்றிலிருந்து 6 மாதம்தான் கெடு. நிறையப் பேர் கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வருஷம் என்னிடம் எடுத்து வருகிறார்கள்.

அதே உசிலம்பட்டித் தங்கச்சி, மறுபடியும்: அண்ணே, பேசிப் பார்த்தேன். திருத்தம் கேட்டால் நடுவில் பென்சனை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறார்.

அதுதானா விஷயம்! நிறுத்த மாட்டார்கள். மனு ஒரு பக்கம் போகும், பென்சன் ஒரு பக்கம் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை லைஃப் சர்டிபிகேட் கொடுக்காவிட்டால்தான் பென்சன் நிற்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைத் திருமங்கலம் கூட்டி வாருங்கள். டிஸ்சார்ஜ் புக்கை மறக்காதீர்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.