டெலோமரேஸைத் தட்டி எழுப்புவது யார்?

கேள்வி: புற்றுநோய்ச் செல் சாகாமல் பெருகுவதற்கு டெலோமரேஸ் என்ற என்சைம்தான் காரணம் என்று ஓரிடத்தில் படித்தேன். செல்லைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைப் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள்தான் காரணம் என்கிறது இன்னொரு கட்டுரை. எது சரி?

பதில்: ரெண்டுமே சரிதான், முன்னதை முடுக்கிவிடுவதில் பின்னதற்கும் பங்கு உண்டு. குரோமோசோம்களின் நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற டிஎன்ஏ ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் டெலோமியர். செல் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் தேயும், ரொம்பத் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதையே நிறுத்திக்கொள்ளும். தேய்ந்ததை நிரப்புவது டெலோமரேஸ். அதன் முக்கியப் பாகமான டெர்ட் புரதத்தின் மரபணு நம் பெரும்பாலான செல்களில் அடங்கியே கிடக்கிறது. புற்றுநோய்களில் சுமார் 85 முதல் 90 சதவீதத்தில் விழித்துக்கொள்கிறது.

எப்படி விழிக்கிறது? இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும், உள்ளே ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களில் ஒன்று அடுத்ததை உசுப்பிக்கொண்டே போய், கடைசியில் எட்ஸ் வகைப் புரதங்களும் மிக் புரதமும் டெர்ட் மரபணுவின் புரமோட்டரில் (மரபணுவுக்கு சுவிட்ச் போன்ற டிஎன்ஏ பகுதி) உட்கார்ந்து அதை இயக்குகின்றன. இது போக, ஏகேடி என்ற இன்னொரு புரதம் ஏற்கெனவே தயாரான டெர்ட்டின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் வேகத்தைக் கூட்டும். சாதாரணச் செல்லில் இந்தச் சமிக்ஞை வந்த வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். ராஸ் மரபணு கெட்டுப்போன செல்லிலோ ஓய்வதே இல்லை.

2013-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் கண்டுபிடித்தது இன்னும் சுவாரசியம். புரமோட்டரில் ஒரே ஒரு எழுத்து, சி இருந்த இடத்தில் டி. அவ்வளவுதான், எட்ஸ் புரதங்கள் வந்து உட்காரப் புதிதாக ஓர் இடம் கிடைத்துவிட்டது!

எல்லா வளர்ச்சிக் காரணியும் இப்படித் தூண்டிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி ஸ்மாட்3 என்ற புரதத்தின் வழியாக அதே மரபணுவை அடக்கவே செய்கிறது.

கேள்வி: அப்படியென்றால் டெலோமரேஸை முடக்கினால் போதுமே?

பதில்: சொல்வது சுலபம். முடக்கினாலும் டெலோமியர் தேய்ந்து தீரப் பல பிரிவுகள் ஆகும், அதுவரை கட்டி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம், ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களுக்கும் இந்த என்சைம் தேவை. சில கட்டிகளோ டெலோமரேஸே இல்லாமல், ஒரு டெலோமியரைப் பார்த்து இன்னொன்றை நகலெடுத்துச் சமாளிக்கின்றன. ஆனாலும் இமெடெல்ஸ்டாட் என்ற டெலோமரேஸ் தடுப்பு மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது, கட்டிகளுக்கு அல்ல, மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்ற எலும்பு மஜ்ஜை நோயில் அடிக்கடி ரத்தம் ஏற்றவேண்டி வருகிற சிலருக்கு.