நன்கொடை நின்ற பிறகும் ஆலோசனை மையம் நடக்க வேண்டுமானால்

கேள்வி: கோவை கணபதி பகுதியில் சிறு பட்டறைகளுக்கான ஆலோசனை மையம் ஒன்றை மூன்று ஆண்டுகளாக நடத்துகிறோம். நான்கு பேர் வேலை செய்கிறோம். ஓர் அறக்கட்டளையின் நிதியில் இதுவரை எல்லாமே இலவசம். வருகிற மார்ச்சோடு நிதி முடிகிறது. கட்டணம் என்று பேச்செடுத்தாலே முதலாளிகள் நழுவுகிறார்கள். மையத்தை மூடிவிடுவதா, அரசுத் திட்டங்களை நம்பி ஓட்டுவதா?

பதில்: மூட வேண்டாம். ஆனால் மையத்தை இப்போது இருக்கிறபடியே வைத்துக்கொண்டு, பணம் கொடுக்க மட்டும் வேறு ஆளைத் தேடினால் இரண்டு வருஷத்தில் இதே கேள்வியோடு மறுபடி நிற்பீர்கள்.

இருபது வருஷத்துக்கு முன் நாங்கள் தொடங்கிய முதல் மையமும் நன்கொடையில்தான் ஓடியது. பட்டறைக்கு அறுபது பக்கம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தோம். நிதி கொடுத்தவர்கள் எத்தனை அறிக்கை என்று கேட்டார்கள், நாங்களும் எண்ணிச் சொன்னோம். நிதி நின்ற நாலாவது மாதம் கதவைச் சாத்தினோம். சொல்லிக்கொள்ளப் போனபோது ஒரு பட்டறைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க வந்தா நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வராட்டி என்ன குறையும்னு எனக்குத் தெரியலைங்களே." மூன்று வருஷம் போய் வந்தும் அதை அவருக்குக் காட்டாதது எங்கள் தவறு. நீங்கள் வராவிட்டால் மாதம் எத்தனை ரூபாய் குறையும் என்று தெரிந்த முதலாளி கட்டணம் கொடுப்பார். தெரியாதவர் நழுவத்தான் செய்வார். அவரைக் கஞ்சர் என்று நினைக்காதீர்கள்.

ஆலோசனையால் உண்மையிலேயே பலன் உண்டா என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளின் துணி ஆலைகளில் பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான ஆய்வு அது. சில ஆலைகளுக்கு ஐந்து மாதம் இலவசமாக ஆலோசகர்களை அனுப்பினார்கள். சரக்கை ஒழுங்காக அடுக்குவது, பழுதை அன்றன்றே எழுதி ஆராய்வது, மெஷினைக் கெடுமுன் பராமரிப்பது என்று எல்லாம் சாதாரண விஷயங்கள்தான். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. இத்தனை லாபம் தரும் பழக்கங்களை முதலாளிகள் அதுவரை ஏன் கைக்கொள்ளவில்லை என்று கேட்டபோது கிடைத்த முக்கியமான பதில், அவை தங்கள் ஆலைக்குப் பயன்படும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை என்பது. அப்படி நினைக்கிறவர் முன்பணம் கொடுப்பாரா? முதல் நிரூபணம் உங்கள் செலவில், உங்கள் பொறுப்பில்தான் நடக்க வேண்டும். அது சிறியதாக, சீக்கிரம் முடிவதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

எப்படி என்று ஒரு பட்டறையை வைத்தே சொல்கிறேன். சரவணம்பட்டிப் பக்கம், கம்ப்யூட்டர் வழியில் உலோகத்தைக் குடையும் வி.எம்.சி. மெஷின் இரண்டு, பம்பு பாகங்களைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். "ஆர்டர் இருக்குதுங்க, காசுதான் நிக்க மாட்டேங்குது" என்றார் முதலாளி. என்னோடு வந்த பையன் ஒரு மெஷின் பக்கத்தில் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டான். மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது, ஏன் நின்றது. ஆபரேட்டர் இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும். பத்து நாள் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார்செய்ய ஒரு நாளைக்கு இரண்டு முறை செட்டிங் மாற்றுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம் போகிறது. அதில் பாதிக்கு மேல் தேடுவதிலேயே கழிந்தது. பாகத்தைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் எங்கே, போல்ட் எங்கே, போன தடவை போட்ட ஆஃப்செட் அளவு எந்த நோட்டில் என்று.

ஒரு தள்ளுவண்டி வாங்கினோம். வேலைக்கு ஒரு டிரே, டிரேயோடு செட்டிங் விவரம் எழுதி லேமினேட் செய்த தாள். செலவு எட்டாயிரத்துச் சொச்சம். ஒரு மாதத்தில் செட்டிங் ஒன்றேகால் மணி நேரத்துக்கு வந்தது. நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். அவர் மெஷினுக்கு மணிக்கு 350 ரூபாய் போடுகிறார். அப்படியானால் நாளைக்கு 875, மாதம் 25 நாளுக்கு 21,875 ரூபாய். இந்தக் கணக்கை நான் எழுதவில்லை. அவரே கால்குலேட்டரைத் தட்டினார். அப்புறம்தான் மாதம் 6,000 ரூபாய் என்ற பேச்சை எடுத்தேன். 5,000-க்குப் பேரம் பேசிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்டர் கையில் இருந்ததால்தான் அந்த நேரம் அப்படியே காசானது. ஆர்டர் இல்லாத பட்டறையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கொட்டேஷன் போடும் முறையையோ வராத பாக்கியையோதான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் மையத்தின் கணக்கு. நான்கு பேர் என்கிறீர்கள். இரண்டு பொறியாளர்களுக்குத் தலா 35,000, கணக்குப் பார்ப்பவருக்கு 25,000, உங்களுக்கு 60,000, வாடகை, பெட்ரோல், மற்றவை 30,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,85,000 ரூபாய். பட்டறைக்கு 6,000 என்றால் 31 பட்டறை போதும் என்று தோன்றும். போதாது. எழுதிய பில்லில் 85 சதவீதம்தான் அந்த மாதமே வரும் என்று கொண்டால் 36, 37 பட்டறைகள் வேண்டும். ஒரு பொறியாளர் மாதம் இரண்டு அரைநாள் வீதம் 15 பட்டறைகளைப் பார்க்கலாம், அதற்கே 15 நாள் போய்விடும். மிச்ச நாள்கள் எழுத்து வேலைக்கும் புதிய பட்டறைகளைத் தேடுவதற்கும். ஆக 30 பட்டறைகள் அவர்களுக்கு, ஆறேழு உங்களுக்கு. அலுவலகத்தில் உட்கார்ந்து நிர்வாகம் மட்டும் பார்க்க இந்தத் தொழிலில் இடமில்லை.

36 பட்டறைக்கு ஆண்டு வரவு 25 லட்சத்தைத் தாண்டும். சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், 18 சதவீதம் சேரும். வழக்கமான ஜி.எஸ்.டி.யில் இருக்கும் பட்டறை அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும், விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவரால் முடியாது. விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. உங்கள் மையம் டிரஸ்டாகப் பதிவாகியிருந்தால் உடனே ஆடிட்டரிடம் போங்கள். பொதுநலப் பணி என்ற வகையில் வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளை கட்டணமாக வாங்கும் பணம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் விலக்கே சிக்கலாகிவிடும். கட்டண வேலைக்கு எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) மாதிரி தனி அமைப்பு ஒன்றைத் தொடங்குவதுதான் என் யோசனை. அதில் அந்த இரண்டு பொறியாளர்களுக்கும் பங்கு கொடுங்கள். நன்கு பழகிய பையனை ஒரு பெரிய கம்பெனி இன்னும் பத்தாயிரம் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ளும். அவனோடு அவன் பார்த்த பட்டறைகளின் நம்பிக்கையும் போய்விடும்.

திட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்காமல் மாதக் கட்டணம் வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் துணி ஆலைகளுக்கு ஆய்வாளர்கள் 2017-ல் திரும்பப் போனார்கள். கற்றுக்கொடுத்த பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியது, முதலாளிக்கு நேரமில்லாதது என்பவை முக்கியக் காரணங்கள். நம்மூர்ப் பட்டறையில் ஒரு ஆபரேட்டர் வேலையை விட்டாலே டிரேக்கள் கலைந்துபோகும். மாதம் இரண்டு முறை ஒரு ஆள் வந்து அட்டையைப் பார்க்கிறார் என்பதே பாதி சேவை. மெக்சிகோவின் புவெப்லாவில் சிறு நிறுவனங்களுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் வாரம் நாலு மணி நேரம் என்று ஓராண்டு போனார்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனங்களே கொடுத்தன. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அவற்றில் வேலை பார்ப்பவர்கள் கூடியிருந்தார்கள்.

மாதம் 6,000 கொடுக்க முடியாத ஒற்றை லேத் பட்டறைகளை விட்டுவிடுவதா? கூடாது, அவர்களுக்காகத்தான் மையம் தொடங்கியிருப்பீர்கள். அவர்களைக் குழுவாக எடுங்கள். கொலம்பியாவில் வாகன உதிரிபாக நிறுவனங்களிடம் இரண்டு முறையையும் ஒப்பிட்டார்கள். குழு ஆலோசனைக்குத் தனி ஆலோசனையின் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது, நிர்வாகப் பழக்கங்களில் முன்னேற்றமோ ஏறக்குறைய அதே அளவு. ஆறு பட்டறைக்கு ஒரு குழு, ஆளுக்கு 2,000, ஒவ்வொரு மாதமும் ஒருவர் பட்டறையில் கூடுவது. ஒரே கம்பெனியிடம் ஒரே பாகத்துக்கு ரேட் போடும் இருவரை மட்டும் ஒரு குழுவில் சேர்க்காதீர்கள், வாயே திறக்க மாட்டார்கள்.

குழுவை விலகாமல் பிடித்து வைப்பது ஒப்பீடு. இதற்கு உங்கள் ஊரிலேயே முன்னோடி இருக்கிறது. 1956-ல் ஆலைகள் சேர்ந்து கோவையில் நிறுவிய 'சிட்ரா' என்ற துணித்தொழில் ஆராய்ச்சிக் கழகம், உறுப்பினர் ஆலைகளின் எண்களை வாங்கி, ஆலைக்கு ஆலை ஒப்பிட்டு, அளவுகோல் வகுத்துக் கொடுத்தது. மற்றவன் என்ன நிலையில் இருக்கிறான், நான் எங்கே நிற்கிறேன் என்பது எந்த முதலாளிக்கும் தூக்கம் கெடுக்கும் கேள்வி. மெஷின் ஓடிய நேரம், ரிஜெக்‌ஷன், ஒரு பீஸுக்கான கரண்ட் செலவு, பாக்கி வர ஆன நாள்கள். இந்த நான்கையும் பெயரில்லாமல் எண்களாக மட்டும் ஒரு தாளில் போட்டு மாதாமாதம் கொடுங்கள். ஒரு பட்டறையின் ரேட்டை மட்டும் இன்னொரு பட்டறையில் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். ஒரு முறை கசிந்தால் கணபதியில் உங்கள் கதை முடிந்தது.

அரசுத் திட்டங்களைப் பற்றிக் கேட்டீர்கள். சிறு தொழில்களில் வீணாவதைக் குறைக்க உதவும், 2023-ல் புதுப்பிக்கப்பட்ட லீன் திட்டத்தில் ஆலோசகர் கட்டணம் உள்ளிட்ட செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. நல்ல திட்டம், பட்டறைகளைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் அந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் போடாதீர்கள். கோப்பு நகரும் வேகத்துக்கு மாதச் சம்பளம் காத்திருக்காது. வந்தால் அது கருவி வாங்க, பயிற்சி கொடுக்க. நிலையாக நின்றுவிட்ட ஆலோசனை நிறுவனங்களிலும் ஒரு பாடம் உண்டு. சிறு தொழிலுக்கு உதவ 1972-ல் கேரளத்தில் தொடங்கிய கிட்கோ, பின்னாளில் கொச்சி விமான நிலையம் போன்ற பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனமாக வளர்ந்தது. அது அவர்கள் வளர்ந்த வழி. பெரிய வேலை ஒன்று உங்களையும் கூப்பிடும். அதில் ஆறு மாதம் மூழ்கினால் 36 பட்டறைகளும் கையைவிட்டுப் போகும்.

கோவையில் உடனே காசு கொடுத்து வாங்கப்படும் சேவை ஒன்று சொல்லட்டுமா? பாக்கி வசூலுக்கு உதவுவது. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில் டிரெட்ஸ் வழியாகப் போங்கள்; சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையத் தளம் அது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அந்தத் தளத்தில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்திருக்கிறது. கம்பெனி பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும், மனஸ்தாபம் வராது. பட்டறையின் உத்யம் என்ற சிறுதொழில் பதிவை அதில் இணைத்து, பில்லைச் சரியாக ஏற்றிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் பட்டறைக்காரர் சந்தோஷமாகக் கட்டணம் தருவார். உங்கள் கணக்கரின் சம்பளம் இதிலேயே வந்துவிடும்.

கடைசியாக, இலவசத்திலிருந்து கட்டணத்துக்கு மாறுவது. "ஏப்ரல் முதல் கட்டணம்" என்று சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். இந்த மாதமே ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கணக்குத் தாள் கொடுங்கள்: சேவை மதிப்பு 6,000, அறக்கட்டளை ஏற்றது 6,000, நீங்கள் தர வேண்டியது இல்லை. இரண்டு மாதம் கழித்து அறக்கட்டளை ஏற்பது 4,000, அப்புறம் 2,000. கூடவே அந்த மாதம் மிச்சமானது எவ்வளவு என்று அட்டையைப் பார்த்து எழுதிய ஒரு வரி. மார்ச் வருவதற்குள் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று தெரிந்துவிடும். இப்போதுள்ளவர்களில் பாதிப்பேர் போகக்கூடும், கலங்காதீர்கள். முழுக் கட்டணத்துக்கான முதல் பில்லை வாங்க நீங்களே நேரில் போங்கள். அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். அதில் காட்ட ஒன்றும் இல்லாத பட்டறைக்கு அந்த மாதம் பில் போட வேண்டாம். உங்கள் பொறியாளரோடு உட்கார்ந்து அடுத்த மாதம் அங்கே எதைப் பார்ப்பது என்று பேசுங்கள்.