சென்சாரில் கோளாறா, சவ்வில் அழுக்கா?

கேள்வி: எங்கள் மீன் வளர்ப்புக் குளத்தில் சவ்வும் மின்பகுளித் திரவமும் கொண்ட கால்வானிக் வகைக் கரைந்த ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்தியுள்ளோம். காலிப்ரேஷன் (அளவைச் சரிசெய்தல்) செய்த ஒரு வாரத்திற்குள், கையடக்க மீட்டரோடு ஒப்பிட்டால், நண்பகலில் கூடுதலாகவும் விடியலுக்கு முன் குறைவாகவும் காட்டுகிறது. மறுபடி காலிப்ரேஷன் செய்தாலும் சில நாள்தான் தாங்குகிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற அவசரப்பட வேண்டாம். பகலில் ஏறி இரவில் இறங்கும் பிழை, பெரும்பாலும் சவ்வின் மேல் படிந்த பாசியின் வேலைதான். சென்சாரை வெளியே எடுத்து, முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பச்சையும் பழுப்பும் கலந்த வழவழப்பான படலம் தெரியும். அதிலுள்ள பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. இருட்டியதும் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதை உறிஞ்சுகின்றன. ஆகவே உங்கள் சென்சார் குளத்தை அல்ல, அந்தப் படலத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறது.

அழுக்கோடு காலிப்ரேஷன் செய்வதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அது பிழையை நீக்காமல் மறைத்துவிடுகிறது. முதலில் குளத்து நீரில் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, மென்மையான ஈரத் துணியால் சவ்வை அழுத்தாமல் துடைத்து, அதே இடத்தில் மீண்டும் அளவெடுங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதை எந்தக் கையேட்டையும்விடத் தெளிவாகச் சொல்லும். அதன் பிறகே, நீராவி நிறைந்த காற்றில், சவ்வில் துளி நீரும் ஒட்டியிராதபடி காலிப்ரேஷன் செய்யுங்கள். கடல் மட்டத்தில் 25 டிகிரி செல்சியஸில் நன்னீரின் தெவிட்டு நிலை (காற்றிலிருந்து நீரில் கரையக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன்) லிட்டருக்குச் சுமார் 8.26 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.56 மட்டுமே. வெப்பநிலை சரியாகப் பதிவாகாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

நீரிலுள்ள ஆக்சிஜனை நீக்கிவிடும் சோடியம் சல்ஃபைட் கரைசலில் சில நிமிடம் வைத்தும் அளவு பூச்சியத்தை நெருங்காவிட்டால், அப்போது சவ்வையும் மின்பகுளியையும் மாற்றுங்கள்; புதிய சவ்வின் அடியில் காற்றுக்குமிழி சிக்கக் கூடாது.

பொருத்திய இடத்தையும் ஒருமுறை பாருங்கள். இவ்வகைச் சென்சார் அளக்கும்போதே ஆக்சிஜனைச் செலவழிப்பதால், தேங்கிய மூலையில் வைத்தால் குறைவாகவே காட்டும். அதற்காகக் காற்றேற்றியின் குமிழிகளுக்கு நடுவிலும் வைக்கக் கூடாது. நீர் நகரும் இடத்தில், அடிச்சேற்றைத் தொடாத ஆழத்தில், குமிழி முனையில் தங்காதபடி ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாகப் பொருத்துங்கள்.

கேள்வி: ஒளியியல் சென்சாருக்கு (ஒளிரும் மூடியின் மூலம் ஆக்சிஜனை அளக்கும் வகை) மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: பாதி தீரும். மின்பகுளி கிடையாது, நீரோட்டமும் கட்டாயமில்லை. பாசி மட்டும் அதிலும் படியும்; துடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் ஒளிரும் மூடியை ஆல்கஹாலாலோ வேறு கரைப்பான்களாலோ துடைக்காதீர்கள்; கழற்றி வைக்கும்போது நேரடி வெயிலில் காயவும் விடாதீர்கள்.