வாசகர் கேள்வி பதில்: கால்பந்து வீரர் சாமியார் ஆவது எப்படி?

கே: மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய ஒருவர் இப்போது கத்தோலிக்கக் குருவாமே? உண்மையா, வாட்ஸ்அப் கதையா? (தூத்தூர் வாசகர்)

உண்மைதான். பெயர் பிலிப் மல்ரைன். 1978இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். ஆனால் 'யுனைடெட் நட்சத்திரம்' என்று சொல்வது மிகை. பெக்காமும் ஸ்கோல்ஸும் இருந்த நடுக்களத்தில் அவருக்குக் கிடைத்த லீக் ஆட்டம் ஒன்றே ஒன்று. ஆளானது நார்விச் சிட்டியில். 1999 மார்ச்சில் 5 லட்சம் பவுண்டுக்குப் போனவர் 2005 வரை அங்கே இருந்தார். வட அயர்லாந்துக்கு 27 ஆட்டம், 3 கோல்.

நார்விச் ரசிகர்களுக்கு மறக்காத நாள் 2002 மே 12. கார்டிஃபில் பிளே-ஆஃப் (மேல்மட்ட லீக்குக்கு ஏறும் வாய்ப்புக்கான போட்டி) இறுதி, ஜெயித்தால் பிரீமியர் லீக். பர்மிங்காமோடு 1-1 முடிந்து பெனால்டிக்குப் போனது. மல்ரைன் அடித்ததை கோல்கீப்பர் வேசன் தடுத்தார், அடுத்து வந்த சச் வெளியே அடித்தார், நார்விச் 4-2 என்று தோற்றது. இரண்டு வருடம் கழித்து நார்விச் சாம்பியனாகவே மேலே ஏறியது என்பது வேறு விஷயம். 2005இல் தேசிய அணி முகாமில் ஊரடங்கு நேரத்தை மீறியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சில நாளில் அதே அணி இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்தியது. பாவம், அதில் அவர் இல்லை.

கே: மல்ரைன் 2009இல் குருமடத்தில் சேர்ந்தார், 2017இல்தான் குருப்பட்டம். ஏன் 8 வருடம்? (நாகர்கோவில் வாசகர்)

நடுவில் பாதை மாறினார், அதனால்தான். முதலில் மறைமாவட்டக் குரு, அதாவது ஆயரின் கீழ் பங்கில் பணிசெய்யும் சாமியார், ஆகத்தான் படிக்கப் போனார். பெல்ஃபாஸ்டில் தத்துவம் 2 வருடம், பிறகு ரோமில் இறையியல். 2012இல் சாமிநாதர் (டொமினிக்கன்) துறவற சபைக்கு மாறினார். படித்த படிப்பு வீணாகாது. ஆனால் நவதுறவை, அதாவது துறவியாவதற்கான ஆரம்பப் பயிற்சியை, யாரும் தாண்டிக் குதிக்க முடியாது. திருச்சபைச் சட்டப்படி நவதுறவு இல்லத்திலேயே 12 மாதம் இருக்க வேண்டும். 15 நாளுக்கு மேல் வெளியே போனால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். மொத்தம் 3 மாதம் தாண்டினால் நவதுறவே செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். துறவு வாழ்க்கை ஒத்துவருமா என்று இரு தரப்பும் பார்ப்பதற்கான வருடம் அது, பாடம் இரண்டாம்பட்சம்.

அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவிகள் எடுக்கும் சபதம்), குறைந்தது 3 வருடம். அடுத்து நித்திய வார்த்தைப்பாடு, அதாவது ஆயுள் முழுவதற்கும். அது இல்லாமல் துறவிக்குத் திருத்தொண்டர் (குருவுக்கு முந்தைய படி) பட்டம் கிடையாது. திருத்தொண்டருக்கும் குருவுக்கும் இடையே 6 மாதமாவது இருக்க வேண்டும். மல்ரைன் 2016 அக்டோபரில் திருத்தொண்டர், 2017 ஜூலை 8இல் டப்ளின் புனித மீட்பர் (செயின்ட் சேவியர்ஸ், St Saviour's) ஆலயத்தில் குரு. சாமிநாதர் சபையில் ஒரு விசேஷம்: வார்த்தைப்பாட்டு வாசகத்தில் வாயால் சொல்வது கீழ்ப்படிதல் ஒன்றைத்தான். ஏழ்மையும் கற்பும் அதற்குள்ளேயே அடக்கம்.

கே: ஆடிச் சம்பாதித்த காசு? (மதுரை வாசகர்)

முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சொத்து அவர் பேரிலேயே இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது சிவில் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும். இம்மாதிரிச் சபைகளில் அதோடு உடைமையையே துறந்துவிடுகிறார்கள். பிறகு வருகிற ஊதியமோ ஓய்வூதியமோ பொதுவாகச் சபைக்கு. இது துறவிகளுக்கு மட்டும். பங்கில் இருக்கும் மறைமாவட்டச் சாமியார் தன் பேரில் வீடு நிலம் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் கேட்கிறார்கள்.

கே: ரெஜி வைட் ஆடிக்கொண்டே ஊழியம் செய்தாராமே, எப்படி முடிந்தது? (பாளையங்கோட்டை வாசகர்)

அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் எடுத்து ஓடுவது. பாப்டிஸ்டு சபைகளில் அபிஷேகம் செய்து போதகராக்கும் அதிகாரம் அந்தந்த ஊர்ச் சபைக்கே உண்டு, மேலே பிஷப் கிடையாது. அதனால் வைட் 17 வயதிலேயே போதகராகிவிட்டார். 'மினிஸ்டர் ஆஃப் டிஃபென்ஸ்' என்ற பட்டப்பெயரும் அங்கிருந்துதான்: மினிஸ்டர் என்றால் போதகர், மந்திரி இரண்டும், அவர் ஆடியதோ தடுப்பு வரிசையில்.

எதிரணியின் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர் குவார்ட்டர்பேக்; அவர் பந்தை எறியும் முன் அவரைச் சாய்த்தால் அது ஒரு 'சாக்'. வைட் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 198 எடுத்தார். அவருடைய பிடி 'ஹம்ப்': வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவதுபோல் பாய்வார். குவார்ட்டர்பேக்கைக் காக்க அவரை மறிக்கும் எதிரணி ஆள் உடல் எடையை அந்தப் பக்கம் சாய்த்த கணத்தில் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து ஒரே தள்ளு; 130 கிலோ ஆள் பறப்பான். எடை சாயும் முன்பே தள்ளினால் பலிக்காது. 1997 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியில் மட்டும் 3 சாக். அவருடைய அணி கிரீன் பே பேக்கர்ஸ் 35-21 என ஜெயித்தது. அதற்கு முந்தைய வருடம்தான் நாக்ஸ்வில்லில் அவர் உதவிப் போதகராக இருந்த ஆலயம் தீயில் எரிந்தது. ஓய்வுக்குப் பின் பிரசங்கத்தை ஓரம் வைத்துவிட்டு, வேதத்தை மூலத்திலேயே வாசிக்க எபிரேயம் கற்கத் தொடங்கினார். 2004 டிசம்பர் 26இல், 43 வயதில் இறந்தபோதும் அந்தப் படிப்பு முடிந்திருக்கவில்லை.