டியூபுடன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புரோஸ்டேட் வீக்கத்துக்காக ஐந்து நாட்களுக்கு முன் சிறுநீர்ப் பாதை வழியாகவே அறுவை சிகிச்சை செய்தார்கள். டியூபும் பையுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் மூன்று நாளில் எடுப்பார்களாம். நேற்று மஞ்சளாக இருந்த சிறுநீர் இன்று காலை சிவப்பாகிவிட்டது. டியூபின் ஓரமாகவும் கசிகிறது. "அதான் பை நிறைந்துகொண்டே இருக்கிறதே, இன்னும் எதற்குத் தண்ணீர்?" என்று குடிக்க மறுக்கிறார். பையை என்னைத் தொடவே விடுவதில்லை. அம்மாவுக்கோ ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

பதில்: முதலில் போய் அப்பாவின் பையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நிறத்தை அல்ல, சிறுநீர் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை. இறங்குகிறது, காய்ச்சல் இல்லை, அப்பா வலியில் துடிக்கவில்லை என்றால் மீதியை நிதானமாகவே படிக்கலாம்.

டியூபுடன் வீட்டுக்கு வருகிறவர்களின் குடும்பங்கள் எல்லாம் நிறத்தைத்தான் கவனிக்கின்றன. கண்ணில் படுவது அதுதானே. ஆனால் எங்களைப் போன்ற சிறுநீரக அறுவை மருத்துவர்கள் ராத்திரி போனில் கேட்கிற முதல் கேள்வி, "பையில் இறங்குகிறதா?" என்பதுதான். சிவப்பாக இருந்தாலும் தாராளமாக இறங்கினால் பெரும்பாலும் காலை வரை பொறுக்கலாம். இறங்கவே இல்லை என்றால், கடைசியாக இறங்கியது தெளிவாகவே இருந்திருந்தாலும் பொறுக்கக் கூடாது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? இந்த அறுவை சிகிச்சையில் வெளியே தையல் கிடையாது. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை நுழைத்து, புரோஸ்டேட்டின் வெளி ஓடு அப்படியே இருக்க, வழியை அடைத்துக்கொண்டிருக்கும் உள்சதையை மட்டும் சுரண்டி எடுக்கிறார்கள். உள்ளே மிஞ்சுவது ஒரு பச்சைப் புண். அதன் மேல்தான் சிறுநீர் ஓடுகிறது, அது ஆற ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். வெளியே காயம் தெரியாததால் நோயாளியும் மறந்துவிடுகிறார், வீடும் மறந்துவிடுகிறது. காலையில் முக்கி மலம் கழித்திருப்பார், மாடிப்படி ஏறியிருப்பார், ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பார். இதில் ஏதாவது ஒன்று போதும், நேற்றைய மஞ்சள் இன்று சிவப்பாக. சில துளி ரத்தமே ஒரு பை சிறுநீரை நிறம் மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவரை ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். பையைக் காலி செய்துவிட்டுப் புதிதாக இறங்குவதைப் பாருங்கள். பன்னீர் ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்தால் கவலை இல்லை. தண்ணீர் குடித்தும் வெளுக்காமல், தக்காளி சாஸ் போலக் கெட்டியாக வந்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் விழுந்தாலோ போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தக் கட்டிகள்தான் உண்மையான எதிரி. அப்பாவின் தண்ணீர்க் கணக்குக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் தலைமாட்டில் பெரிய சலைன் பைகள் தொங்கியிருக்குமே, அவை அவர் உடம்பில் ஏறவில்லை. டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் போய் ரத்தத்தை உறைய விடாமல் கழுவிக்கொண்டிருந்தன. வீட்டில் அந்த வேலையைச் செய்ய அவர் குடிக்கிற தண்ணீரை விட்டால் வேறு ஆள் இல்லை. "பையை நிரப்ப இல்லை அப்பா, டியூபைக் கழுவ" என்று சொல்லிப் பாருங்கள். பலர் இதற்கு மசிந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். நாள் முழுக்கப் பிரித்து, பெரும்பகுதியை மாலைக்குள். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்து தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கை அவருடைய மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கசிவு. டியூபின் நுனியில் ஒரு சின்ன பலூன் உண்டு. டியூப் நழுவி வராமல் இருக்க அதில் நீர் நிரப்பியிருப்பார்கள். சிறுநீர்ப்பைக்கு அந்த பலூன் அந்நியப் பொருள். வெளியே தள்ளப் பார்த்து இறுக்கிச் சுருங்கும். அப்போது அடிவயிற்றில் பிடித்து இழுப்பது போல வலி, உடனே போய்த் தீர வேண்டும் என்ற அவசரம், டியூப் ஓரமாகக் கொஞ்சம் கசிவு. பை நிறைந்துகொண்டிருக்கும்போதே கசிந்தால் இந்தச் சுருக்கம்தான் காரணம் என்று அநேகமாக வைத்துக்கொள்ளலாம். பை காலியாக இருந்து ஓரத்தில் மட்டும் கசிந்தால் டியூப் அடைத்திருக்கிறது. கசிவு ஒன்றுதான், அர்த்தம் நேர் எதிர்.

சுருக்கத்துக்கு மாத்திரை உண்டு, மருத்துவரிடம் சொன்னால் எழுதித் தருவார். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், வயதானவர்களைச் சில நேரம் குழப்பத்திலும் தள்ளும் என்பதால் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. டியூப் தொடையில் ஒட்டப்பட்டு, நடக்கும்போது இழுபடாத அளவு தளர்வாக இருக்கிறதா? மலம் சரியாகப் போகிறதா? நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும். முக்கினால் ரத்தமும் வரும். வயிற்றை இளக்கும் மருந்து கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் கொடுங்கள்.

இரண்டு மணி நேரமாக ஒன்றும் இறங்கவில்லை என்றால், முதலில் டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா, காலுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, பை இடுப்புக்கு மேலே போய்விட்டதா என்று பாருங்கள். திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள், எழுந்து நடக்கச் சொல்லுங்கள். அதற்கும் இறங்காவிட்டாலோ, அடிவயிறு கல் போல இறுகினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு. சிரிஞ்சு வைத்துத் தள்ளிப் பார்க்கிற வேலை, யாராவது முறையாகக் கற்றுக்கொடுத்திருந்தால் தவிர, வேண்டாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலும், டியூப் தானாகக் கழன்று வந்தாலும், அப்பா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலும் ராத்திரி எத்தனை மணி என்று பார்க்காதீர்கள்.

பையைத் தொட விடாத விஷயம். இதில் நான் அப்பா பக்கம். பிள்ளை வளர்த்த மனிதருக்கு, மகள் தன் மூத்திரப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது அறுவை சிகிச்சையைவிடக் கஷ்டம். அவரைச் சம்மதிக்க வைக்கப் போராடாமல் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். கையைக் கழுவிக்கொண்டு, பை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து காலி செய்வது. எவ்வளவு, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுவது. குளிக்கும்போது டியூப் நுழையும் இடத்தைச் சாதாரண சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுவது. முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால் மறக்காமல் பழையபடி முன்னால் இழுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும், அது தனி அவசரம். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். இவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார். நீங்கள் நோட்டை மட்டும் பாருங்கள், அம்மாவும் தப்பித்தார்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். எல்லாம் தெளிவாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள், மறுபடி ஒரு முறை சிவப்பாக வரலாம். உள்ளே புண்ணின் பொருக்கு உதிரும் சமயம் அது. தண்ணீரும் ஓய்வும் கொடுத்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கவில்லை, கட்டி வருகிறது, சிறுநீர் நின்றுபோகிறது என்றால்தான் பிரச்சினை. ஆறு வாரம் வரை கனமான பொருள் தூக்குவது, சைக்கிள் ஓட்டுவது எல்லாம் வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்றால், அதை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் யாரும் சொந்தமாக முடிவு செய்யக் கூடாத விஷயம் அது, இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால்.

டியூப் எடுத்த பிறகுதான் பலர் மனம் உடைந்து போகிறார்கள். எடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தவருக்கு எரிச்சல், அடக்க முடியாத அவசரம், உள்ளாடை நனைவது. இது பெரும்பாலும் தற்காலிகம். பல வருடம் அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன சிறுநீர்ப்பை, வழி திறந்த பிறகும் பழைய வேகத்திலேயே தள்ளுகிறது. அது சாந்தமாகச் சில வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். கசிவை அடக்க ஒரு பயிற்சி உண்டு: காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது, ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. டியூப் எடுத்த பிறகு மருத்துவர் சரி சொன்னதும் தொடங்கலாம். வயிற்றையும் தொடையையும் சேர்த்து இறுக்கினால் பலன் இல்லை.

அப்புறம், உங்களிடம் அவர் கேட்க மாட்டார் என்பதால் இது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலான ஆண்களுக்கு உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, உணர்வும் போகாது. ஆனால் முன்கூட்டித் தெரியாதவர் பயந்துவிடுவார். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஐந்து நிமிடம் அவர்கள் இருவரையும் தனியாக விட்டு நீங்கள் வெளியே இருங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சுரண்டி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு என்ன? தானாகச் சொல்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நல்ல முடிவு வந்தாலும் புரோஸ்டேட்டின் ஓடு உள்ளேயே இருக்கிறது, புற்றுநோய் பெரும்பாலும் அந்த வெளிப்பகுதியில்தான் தொடங்கும். "ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே" என்று, புரோஸ்டேட் புற்றுநோயைக் கவனிக்கச் செய்கிற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

டியூப் எடுக்கக் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். எடுத்த பிறகு இரண்டு மூன்று முறை அவர் சிறுநீர் கழித்து, சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவது நல்ல வழக்கம். காலையில் எடுத்தால் போகவில்லை என்றாலும் பகலிலேயே தெரிந்துவிடும். மாற்றுத் துணி இரண்டு செட், உறிஞ்சும் பேட் ஒரு பாக்கெட், அந்த நோட்டு. பையை அவரே தூக்கிக்கொள்ளட்டும்.