கறுப்பு நாய்க்கு விளக்கை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் லாப்ரடார் கன்னங்கரேலென்று இருப்பான். கறுப்புத் திரைக்கு முன்னால் எடுத்தால் கண்ணும் நாக்கும்தான் தெரிகின்றன. ஃபிளாஷ் பவரைக் கூட்டியும் பயனில்லை.

பவரை விடுங்கள், விளக்கை நகர்த்துங்கள். கறுப்பு ரோமம் நேர் எதிரே வரும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆனால் பளபளப்பு உள்ளதால், பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து வருவதைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும். நாய்க்குப் பின்னால் இருபுறமும் ஒவ்வொரு ஸ்ட்ரிப் பாக்ஸ் (விளக்கின் மேல் மாட்டும், வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒடுக்கமான நீளப் பெட்டி) வையுங்கள். வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறாமல் இருக்க, அதன் முன்னால் கிரிட் என்ற கட்டம் போட்ட வலையைப் போடுங்கள். காது மடலிலும் கழுத்திலும் தோளிலும் வெள்ளிக் கோடு விழும். முன்னால் சின்ன சாஃப்ட்பாக்ஸ் (அதே வகையில் அகலமான பெட்டி) ஒன்று, கண்ணில் ஒரு புள்ளி மின்னும் அளவுக்குப் போதும்.

ஒரே விளக்குதான் இருக்கிறதா? பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை நிறுத்துங்கள். நாயின் மூக்கு விளக்கைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட மூஞ்சியின் நிழல் மறுபக்கக் கண்ணை மூடிவிடும். மனித முகத்துக்குப் படித்த பாடத்தை அப்படியே நாய்க்கும் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அப்புறம், எடுக்கும் முன் ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். பின்னிருந்து வரும் வெளிச்சம் உதிர்ந்த முடி, தூசி எதையும் விடாமல் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கறுப்புத் துணி கட்டியும் பின்னணி சாம்பலாகவே வருகிறது.

நாய் துணியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். விளக்கிலிருந்து நாய் 1 மீட்டர், துணி 4 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள்; துணிக்குக் கிடைப்பது 16-இல் ஒரு பங்குதான். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் வேகம் 1/160 வினாடி என்று வைத்தால் சாதாரண அறை விளக்கும் படத்தில் ஏறாது.

கேள்வி: கண் பச்சையாக மின்னுகிறது.

ஃபிளாஷ் கேமரா மேலேயே இருக்கிறது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. விளக்கை லென்ஸை விட்டுத் தள்ளி வையுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: எங்கள் நாய் ஃபிளாஷ் அடித்தாலே ஓடி ஒளிகிறாள்.

சில நாய்கள் பயப்படுவது வெளிச்சத்துக்கல்ல, விளக்கு சார்ஜ் ஆனதும் வரும் 'பீப்' சத்தத்துக்கு. முதலில் அதை அணையுங்கள். அறையை இருட்டாக்காமல் மாடலிங் லைட்டை (ஃபிளாஷிலேயே தொடர்ந்து எரியும் சிறு விளக்கை) எரியவிடுங்கள். படமே எடுக்காமல் குறைந்த பவரில் தூரத்தில் ஒரு ஃபிளாஷ், உடனே ஒரு பிஸ்கட் என்று பழக்குங்கள். நாய் மோதினாலும் விளக்கு சாயாமலிருக்க ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை கட்டாயம். அடிக்கடி கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்த்தால் கேமராவை மூடிவையுங்கள்.

கேள்வி: வெள்ளை ராஜபாளையத்துக்கும் இதே அமைப்பா?

இடம் அதேதான். பின்விளக்குகளின் பவரை நன்றாகக் குறையுங்கள். படத்தில் வெள்ளை ரோமம் இழை தெரியாமல் வெளுத்துப்போனால் எடிட்டிங்கில் மீட்க முடியாது. மூக்கின் இளஞ்சிவப்பும் வெளிறிவிடும்.